மருந்து கொடுத்த கண் பார்க்கக் கூடாது

வரக்காப்பியின் மேல் விளக்கெண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கும். டம்ளரை ஆட்டினால் பெரிய வட்டம் உடைந்து நான்கைந்து சின்ன வட்டங்களாகும், அவை மெல்ல நகர்ந்து வந்து மறுபடியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒட்டுவதற்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். குடித்து முடித்த பிறகும் உதட்டிலும் நாக்குக்கு அடியிலும் ஒரு வழவழப்பு நின்றுகொண்டே இருக்கும். உப்புக்கல்லை வாயில் போட்டுச் சப்பினாலும் போகாது. எனக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. இன்றைக்கும் காப்பி குடிப்பதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வெந்நீர் போதும் என்று சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கூச்சம்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகிற சாலையை ஒட்டி எங்கள் ஊர். முன்பக்கம் சாலை, பின்பக்கம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நெல் வயல். அப்பாவுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அது போக மற்றவர்கள் வயலிலும் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போவார்கள். வீட்டில் நானும் என் தங்கை அஞ்சலையும். எனக்குப் பத்து வயது நடந்தபோது அவளுக்கு ஏழு. செருப்பு என்பது கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகும்போது போட்டுக்கொள்வது. மற்ற நாளெல்லாம் வெறுங்காலோடு சேற்றிலும் வரப்பிலும் நடந்தோம். அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை, தை அறுப்பு முடிந்த பிறகு ஒன்றும், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் ஒன்றுமாக, எங்களுக்குப் "பேதிக்குக் குடுக்கற நாள்" வரும். அம்மா முதல் நாளே சிதம்பரத்துக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் "வாய்விளங்கம்" வாங்கிவந்து, மிளகு போல இருக்கும் அந்த விதைகளை இடித்து, வெல்லத்தில் பிசைந்து சாயங்காலம் தின்னக் கொடுக்கும். அதோடு வேப்பங்கொழுந்தை ஓமம் சேர்த்து அரைத்துச் சுண்டைக்காய் அளவில் ஓர் உருண்டை. அதை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். விடிந்ததும் விளக்கெண்ணெய்க் காப்பி. அதற்குப் பிறகு மதியம் வரைக்கும் வாய்க்கால் பக்கம் போவதும் வருவதும்தான் வேலை. அன்றைக்குக் குளிக்கக் கூடாது, பகலில் தூங்கக் கூடாது, மதியத்துக்கு மிளகு ரசமும் குழைந்த சோறும் சுட்ட அப்பளமும் மட்டும்.

"வயித்துல பூச்சி இருக்கற புள்ளைக்கு நெஞ்சுல எழுத்து நிக்காது" என்று அம்மா சொல்லும். அதற்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் படித்து, நாற்காலியில் உட்காரும் வேலைக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அம்மா பெரிதாக எதையும் ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. விளக்கெண்ணெய் எங்களுக்கு வயிற்று மருந்து, அம்மாவுக்கு அது படிப்புக்கான மருந்து.

இந்த நாளுக்கு ஒரு விதி இருந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதைக் கடைப்பிடித்தார்கள். மருந்து கொடுத்தவர்கள் போய்ப் பார்க்கக் கூடாது. "மருந்து குடுத்த கண்ணு பாத்தா மருந்து கேக்காது" என்பார்கள். கொடுத்த கை அம்மாவுடையது என்பதால், பூச்சி விழுந்ததா என்று பார்க்க வேறு ஒரு கண் வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கண் நான். அஞ்சலையை வாய்க்கால் பக்கம் அழைத்துக்கொண்டு போய், ஒரு குச்சியால் கிளறிப் பார்த்து, எத்தனை விழுந்தது என்று வந்து சொல்ல வேண்டும். எனக்கு நானே பார்த்துச் சொல்வதில் பிரச்சினை வந்ததில்லை. எனக்கு என்று வரும்போது ஒன்றும் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிடுவேன், அம்மாவும் விட்டுவிடும். நான் வாட்டசாட்டமாக இருந்தேன். அஞ்சலைதான் கவலை.

அந்த வருஷம் அவள் முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே இலேசாக உப்பிப் போயிருந்தது. அரிசிப் பானையில் கையை விட்டுப் பச்சரிசியை அள்ளித் தின்பாள். சுவர் ஓரம் பெயர்ந்த செங்கல் துண்டை நக்குவாள். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது பாதி வழியில், "அக்கா, கொஞ்சம் நில்லுக்கா" என்று உட்கார்ந்துவிடுவாள். அவளுக்காக நின்றால் எனக்குப் பிரார்த்தனைக்கு நேரமாகிவிடும், நேரமானால் எல்லார் முன்னாலும் நடந்துபோய் வரிசையில் நிற்க வேண்டும், அதற்குப் பயந்து சில நாள் அவளை விட்டுவிட்டு வேகமாக நடந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இந்தத் தடவ பூச்சி ஒண்ணும் உழலன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். நாளைக்கே சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். புள்ள மூஞ்சியப் பாக்க முடியல."

அப்பா சரி என்றார்.

வாய்க்கால் கரையில் வேலிக்காத்தான் மரங்கள் அடர்ந்து நின்றன. அதன் பின்னால் அஞ்சலை உட்கார்ந்தாள். நான் குச்சியோடு நின்றேன். எதிர்க்கரையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடுகிறவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். யாராவது திரும்பினால் நான் குச்சியோடு நிற்பது தெரியும் என்று எனக்குத் தோன்றியது. கூச்சமா, அருவருப்பா, இரண்டுமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் திரும்பி நின்றுகொண்டேன். அவள் முடித்துவிட்டு எழுந்து வாய்க்காலில் கால் கழுவும் வரைக்கும் நான் வேலிக்காத்தான் முள்ளை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தேன். பிறகு குச்சியை வாய்க்காலில் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா வந்திருந்தார். புவனகிரியில் அரிசி ஆலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் முறத்தோடு வாசலில் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் அம்மா கேட்டது.

"இன்னாடி தனம், உழுந்துச்சா?"

இல்லை என்று சொன்னால் அடுத்து, நல்லாப் பாத்தியா, எங்க, வா காட்டு என்று கேள்விகள் வரும். ஆமாம் என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்.

"உழுந்துச்சு."

"எத்தினி?"

"மூணு."

மாமா கையைத் தட்டிச் சிரித்தார். "மூணு பேரா! யக்கா, ஒன் ஊட்டுச் சோத்துல மூணு பேரு சேந்து உக்காந்து தின்னுருக்கானுவ பாரு. மருமவ பாவம், எச்சியத்தான் தின்னுருக்கா!"

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்தாள். அம்மா அவள் தலையைத் தடவி, "அதான் பாத்தேன், அதான் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே ரசம் கூட்ட உள்ளே போனது. ஆஸ்பத்திரி பேச்சு அதோடு நின்றுவிட்டது.

ஒரு மாதம் போனது. அஞ்சலை முகத்தில் ரத்தம் ஏறவில்லை. அம்மா யோசித்துப் பார்த்து, மூன்று விழுந்திருக்கிறது என்றால் உள்ளே குட்டிகள் இருக்கும் என்ற முடிவுக்கு வந்தது. "மருந்து நல்லாக் கேக்குது. இன்னொரு தடவ குடுத்தா சுத்தமாயிடும்." வருஷத்துக்கு இரண்டு என்பது போய், அடுத்த மாதமே மறுபடி வாய்விளங்கம், வேப்பங்கொழுந்து, விளக்கெண்ணெய். அவளுக்கு மட்டும். மறுபடி வாய்க்கால் கரை, மறுபடி நான் திரும்பி நின்றேன்.

இந்தத் தடவை நான் யோசித்து வைத்திருந்தேன். எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தால் இது தானாக நின்றுவிடும் என்று பத்து வயதில் எனக்குத் தோன்றியது. "ரெண்டு" என்றேன். அதற்கடுத்த மாதம் "ஒண்ணு, சின்னது" என்றேன். நான்காவது மாதம் அஞ்சலை வாய்க்காலுக்கு நடக்கவே சிரமப்பட்டாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். அவள் கை என் கழுத்தில் கிடந்தது. விரல் நகமெல்லாம் காகிதம் போல இருந்தது.

அன்றைக்கு, "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். நான்கு தடவையில் அது ஒன்றுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்த பேச்சு. முதல் தடவையே அதைச் சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போயிருப்பார்கள். மூன்று, இரண்டு, ஒன்று என்று வந்த பிறகு அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம். அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டது. "சுத்தமாயிடுச்சு. மாரியாத்தா காப்பாத்திட்டா. இனிமே பாரு, எம் புள்ள எப்டி எழும்புறான்னு."

எட்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில், கொடிக்கம்பத்துக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு வரிசையில் நின்றேன். இரண்டாம் வகுப்பு வரிசையில் ஒரு இடைவெளி தெரிந்தது, அவ்வளவுதான். சார் ஒருவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அவருடைய வெள்ளைச் சட்டையில் அவள் கன்னம் இருந்தது. சட்டைக்கும் கன்னத்துக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் அஞ்சலையின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்துத் திரும்பினார்.

"ஒடம்புல ரத்தமே இல்லம்மா. பேதிக்கு ஏதாச்சும் குடுத்தியா?"

"குடுத்தேங்க. நாலு மாசமா, மாசம் ஒண்ணு."

"நாலு தடவையா? உனக்கு யாரும்மா சொன்னது?"

"பூச்சி உழுந்துச்சுங்க டாக்டர். மொதல்ல மூணு, அப்பறம் ரெண்டு, அப்பறம் ஒண்ணு. எம் பெரிய பொண்ணு கண்ணால பாத்துச்சு, வேணும்னா கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீ பாத்தியாம்மா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கட்டில் காலில் நீலப் பெயின்ட் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். சொல்வதற்கு எனக்குக் கிடைத்த இடம் அதுதான். அம்மா என் தோளில் கை வைத்திருந்தது.

சின்ன மாமா ரத்தம் கொடுத்தார். "என் ரத்தம் ஏறுச்சுன்னா இவளும் ஞாயித்துக்கெழம ஆனா சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவா பாரு" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. மூன்று வாரம் அங்கே இருந்தார்கள். கடைசியில் ஒரு மாத்திரையும், ரத்தம் ஊறுவதற்குச் சத்து மாத்திரைகளும் கொடுத்து அனுப்பினார்கள். பூச்சிக்கு என்று கொடுத்தது அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான் என்று அம்மா ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

ரத்தம் இல்லாமல் நெஞ்சு கஷ்டப்பட்டிருக்கிறது, கொஞ்ச நாள் ஓடியாட விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் என்றுதான் சொன்னார். அம்மா அதை எப்போதைக்குமாக எடுத்துக்கொண்டது. கொடிக்கம்பத்தின் முன் விழுந்த பிள்ளையை மறுபடி அந்த இடத்துக்கு அனுப்ப அதற்குத் துணிவு வரவில்லை. "படிப்பு கெடக்கட்டும். உசுரு இருந்தா போதும்." அஞ்சலையின் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. நான் பத்தாவது வரை படித்தேன். நான் வீட்டுப்பாடம் எழுதும்போது அவள் எதிரில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கம் திருப்பட்டுமா என்று அடிக்கடி கேட்பாள். திருப்பு என்பேன். அந்த வேலையை மிகவும் கவனமாகச் செய்வாள்.

பிற்பாடு அம்மா இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அதில் ஒரு பங்கு உண்டு. "எங்க தனம் மட்டும் நின்னு பாக்கலன்னா அத்தன பூச்சியும் உள்ளயே இருந்து புள்ளையக் கொன்னுருக்கும். அவ கண்ணு பொய் சொல்லாது." நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன். அம்மா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அப்படி நம்பிக்கொண்டேதான் போனது.

எனக்குக் கடலூரில் கல்யாணம் ஆனது. செம்மண்டலத்தில் வீடு. பக்கத்திலேயே சின்னப் பிள்ளைகள் மையம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். பிள்ளைகள் என்னை ஆயா என்று கூப்பிடுவார்கள். அஞ்சலையைப் பண்ருட்டிப் பக்கம் திருவதிகையில் கொடுத்தோம். முந்திரிப் பருப்பு உடைக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்துப் போய்விட்டன. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பேருந்து போகிற ஊரின் பெயரை மட்டும் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வாள். அவளுக்கு ஒரே மகள், பிரியா. சிதம்பரத்தில் விடுதியில் தங்கி, மருந்தாளுநர் படிப்புப் படிக்கிறாள். அம்மா ஆசைப்பட்ட நாற்காலி ஒரு தலைமுறை தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பிரியா செம்மண்டலம் வந்திருந்தாள். திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. கூடத்தில் நடந்துகொண்டே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆன்தெல்மின்டிக், ஆன்தெல்மின்டிக். எங்கள் மையத்தில் அந்த வாரம்தான் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்திருந்தோம். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருந்ததாக எனக்கு ஞாபகம்.

"அது இன்னா பிரியா, வாயில நொழைய மாட்டேங்குது?"

"பூச்சி மாத்திரைக்கு டாக்டருங்க வெச்ச பேரு பெரிம்மா. ரெண்டு சொல்லு ஒட்டிக்கிட்டு இருக்கு. கிரேக்க பாஷைல ‘ஹெல்மின்ஸ்’னா புழு. ‘ஆன்டி’ன்னா எதிரா. புழுவுக்கு எதிரா நிக்கறது, அவ்ளோதான் அர்த்தம்."

"கொல்றதா, வெளிய தள்றதா?"

நான் அப்படிக் கேட்டதில் அவளுக்குச் சந்தோஷம். புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தாள். "அத பரீட்சைலயே கேப்பாங்க பெரிம்மா! அந்தப் பேருல ரெண்டுமே அடக்கம். தனியா சொல்லணும்னா அதுக்கு லத்தீன்லேருந்து வந்த பேருங்க இருக்கு. ‘வெர்மிஸ்’னா அங்க புழு. கொல்றது வெர்மிசைடு, தொரத்தறது வெர்மிஃபியூஜ். நம்ம பழைய வைத்தியத்துலயும் இதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு, கிருமிக்கினம்னு. கிருமிங்கறோம்ல, வடமொழில அதுக்கும் பழைய அர்த்தம் புழுதான். வாய்விளங்கம் அந்தப் பிரிவுலதான் வருது."

வாய்விளங்கம் என்ற பெயரை அத்தனை வருஷம் கழித்து அவள் வாயில் கேட்டபோது எனக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. கையில் இருந்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"விளக்கெண்ணெய்?"

"அது இதுல எதுலயும் சேராது பெரிம்மா. வயித்தக் கழுவி உடும், அவ்ளோதான். நீளமா மண்புழு மாதிரி இருக்கறது வேணா தப்பித்தவறி வரும். கொக்கிப்புழு வராது. அது கால் வழியா ஏறிப் போயி, கொடல்ல பல்லு போட்டுப் புடிச்சிக்கிட்டு ரத்தம் குடிக்கும். சின்னது, நூல் துண்டு மாதிரி. வெளிய வந்தாக்கூட சும்மா பாத்தா கண்ணுக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சின்ன வயசுல வந்துச்சுன்னு எங்க ஆயா, உங்கம்மா, சொல்லும்ல, அது அதுவாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன்."

"பாத்தா தெரியாதா?"

"தெரியாது பெரிம்மா. நீங்க என்னா உத்து உத்துப் பாத்தாலும் தெரிஞ்சிருக்காது."

அவள் அதைப் பாடமாகச் சொன்னாள். நாற்பது வருஷமாக நான் சுமந்து வைத்திருந்ததை அந்த ஒரு வார்த்தை இறக்கி வைத்திருக்க வேண்டும். நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன். கீரை முழுவதும் ஆய்ந்து முடித்தபோது வேறு மாதிரி தெரிந்தது. பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. எதுவும் தெரியாததால் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பேன். ஒன்றும் இல்லை என்றால் மறுநாளே ஆஸ்பத்திரி. பேதி ஒன்றோடு போயிருக்கும், நான்கு நடந்திருக்காது. பூச்சியைக் கண்டுபிடிக்கவா என்னை அனுப்பினார்கள்? அங்கே ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்குப் படிப்பு தேவையில்லை. திரும்பி நிற்காமல் இருந்தால் போதும்.

பரீட்சை முடிந்து பிரியா ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நானும் திருவதிகை போனேன். இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பேருந்தில் இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அஞ்சலை வீட்டு வாசலில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெயும் சாம்பலும் போட்டு விரல் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரியா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அழாமல்தான் சொன்னேன். மூன்று என்றது, இரண்டு என்றது, ஒன்று என்றது, டாக்டர் கேட்டபோது தலையாட்டியது, எல்லாவற்றையும் வரிசையாக, மையத்தில் வருகைப் பதிவு படிப்பது போலச் சொல்லி முடித்தேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்னா தெரியும்?"

"நீ பாக்கலன்னு தெரியும். நான்தான அங்க குந்திக்கினு இருந்தேன். நீ முள்ளு ஒடிச்சிக்கினு இருந்த."

இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே இரண்டு பேர் இருந்தோம்.

"அப்ப ஏண்டி அம்மாகிட்ட சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? நீ திரும்பி நின்னதாலதான் நான் உங்கூட வந்தேன். எனக்கு மட்டும் வெக்கம் இல்லையா? குச்சிய வெச்சிக்கினு பாத்திருந்தின்னா நான் வாய்க்காலுக்கே வந்திருக்க மாட்டேன்." கையைத் தண்ணீரில் அலசினாள். "அதுவும் நீ மூணுன்னு சொன்னதும் மாமா சிரிச்சாரு, அம்மா தலையத் தடவுச்சு. எனக்கு நல்லா இருந்துச்சு. மூணு உழுந்துச்சுன்னு நானே நம்பிட்டேன்."

"உன் படிப்பு போச்சேடி."

அவள் கை அலசிய தண்ணீரைக் கவிழ்த்தாள். சாம்பல் தண்ணீர் வாசலில் ஓடி, சாக்கடையில் இறங்கியது.

"போச்சு" என்றாள். "அது போச்சுதான்."

இல்லை என்றோ, பரவாயில்லை என்றோ அவள் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்ததாகச் சொல்ல முடியாது. என்ன எதிர்பார்த்தேன் என்றே தெரியவில்லை.

உள்ளேயிருந்து பிரியா கையில் ஒரு பூச்சி மாத்திரையோடு வந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அஞ்சலைக்கு வாங்கிக் கொடுப்பாளாம். தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்காதே என்று சொன்னால் கேட்பதில்லையாம். "கடிச்சு மென்னு முழுங்கணும்மா. போன தடவ மாதிரி கொல்லப்பக்கம் துப்பிட்டு வந்து முழுங்கிட்டேன்னு சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

"ஆமா, பெரிய டாக்டரம்மா" என்று அஞ்சலை மாத்திரையை வாயில் போட்டாள்.

இப்போது விளக்கெண்ணெயை யாரும் குடிக்கக் கொடுப்பதில்லை. மாத்திரையில் பழ வாசனை வருகிறது. எங்கள் மையத்தில் பிள்ளைகள் இன்னொன்று கேட்கிறார்கள். எங்கள் ஊர் வாய்க்காலின் பின்பக்கம் மனைகளாகிவிட்டது. வேலிக்காத்தான் ஒன்றுகூட இல்லை, கல் நட்டுக் கம்பி கட்டியிருக்கிறார்கள். சின்ன மாமா இல்லை. மருந்து கொடுத்த கண் பார்க்கக் கூடாது என்ற பேச்சு இப்போது யாருக்கும் தெரியாது. மையத்தில் மாத்திரையைக் கொடுக்கிற நானேதான் ஒவ்வொரு பிள்ளையையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு நேரம் அதிகம் ஆகிறது என்று டீச்சர் சலித்துக்கொள்வார்.

அஞ்சலை மென்று முடித்தாள். பிரியா பார்ப்பதற்குக் குனிந்தபோது அவளைக் கையால் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ தள்ளுடி, மருந்து குடுத்த கண்ணு பாக்கக் கூடாது. பெரிம்மா பாப்பாங்க. யக்கா, இப்பவாவது நல்லாப் பாரு."

வாயைப் பெரிதாகத் திறந்து நாக்கை நீட்டினாள். வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பல் இல்லை. நாக்கு வெளிறித்தான் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். அடியிலும் பார்த்தேன். இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் பார்த்தேன்.

"இருக்கா?" என்றாள், வாயை மூடாமல்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.